எரியன் காத்த முகடு

இரண்டு சூரியன் காய்கிற ஒரு பாலைவனத்தில் செம்மணல் கூட்டம், கருமணல் கூட்டம் என்று இரண்டு கூட்டத்தார் இருந்தார்கள். சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய், எல்லை வகுக்க உட்கார்ந்தார்கள். நடுவதற்குக் கல் இல்லை, வேலி கட்ட முள் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் நேராகத் தெரிந்தது ஒரு மணல்மேட்டின் முகடு மட்டும்தான். "முகட்டுக்குக் கிழக்கே செம்மணலுக்கு, மேற்கே கருமணலுக்கு" என்று சத்தியம் செய்துவிட்டு எழுந்தார்கள்.

செம்மணல் கூட்டம் எரியன் என்ற வீரனை முகட்டில் காவல் நிறுத்தியது. சட்டம் சின்னதுதான். முகட்டை விட்டு இறங்கக் கூடாது. மேற்கிலிருந்து எந்தக் கால் முகட்டைத் தாண்டினாலும் ஈட்டி எறிய வேண்டும். எறியாத காவலனைக் கூட்டம் துரத்திவிடும். அவன் பெண்டாட்டி பிள்ளைக்குக் கிணற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

எரியன் இமை கொட்டாமல் காத்தான். காற்று அடிக்கும்போதெல்லாம் முகடு கிழக்கே ஒரு சாண் நகரும். அவனும் ஒரு எட்டு எடுத்து வைப்பான். மாதங்கள் போனதே தெரியவில்லை.

ஒரு நாள் தண்ணீர்த் தோல்பையை எடுத்துக் குலுக்கினான்.

"குலுக்காதேப்பா," என்றது தோல்பை. "உள்ளே ஒண்ணும் இல்லை. இனி என்னைப் பிழிஞ்சா நாத்தம்தான் வரும்."

தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாம் என்று கிழக்கே கூடாரங்களைப் பார்த்தான். வெறும் மணல். மேற்கே திரும்பினான். அங்கே அவன் கூடாரம், அவன் அடுப்புப் புகை, அவன் கூட்டத்துக் கிணறு. எரியன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"நம்ம கூடாரம் எப்படி எதிரி பக்கம் போச்சு?"

"மேற்கே இருந்தா எதிரி," என்றது ஈட்டி. "எனக்கு அவ்வளவுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

எரியன் காலால் மேட்டை உதைத்தான். "ஏய் மேடே, நீ நகர்ந்தியா?"

"நான் எப்ப நின்னேன்?" என்றது மேடு கொட்டாவியோடு. "காத்து கூப்பிட்டா போவேன். என்னைப் போய் எல்லைன்னு வச்சது யாரு, நானா?"

அதற்குள் சரிவில் ஒரு தலை தெரிந்தது. அவன் பெண்டாட்டி இருப்பை. இடுப்பில் குழந்தை, தோளில் நிறைந்த தோல்பை.

"நில்லு! தாண்டாதே!" என்று கத்தினான்.

"ஏங்க, முள்ளு கிடக்கா?"

"நீ மேற்கே இருந்து வர்றே!"

"வீட்டுல இருந்து வர்றேன். இந்த மேடு கூடாரத்து மேலேயே ஏறப் பார்த்துச்சு. எல்லாருமாப் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டோம். கிணறு நகருமா? நாமதானே கிணத்துகிட்ட போகணும்?"

"தலைவர்கிட்ட சட்டம் என்னன்னு கேட்டியா?"

"கேட்டேனே. 'எரியன் முகட்டுல நிக்கிறான், அவனுக்குத்தான் தெரியும்'னாரு."

"எனக்கா?"

"உங்களுக்குத் தெரியாதா?" இருப்பை ஓரடி கீழேயே மணலில் உட்கார்ந்தாள். "சரி, நான் தாண்டல. தோல்பையை மட்டும் தள்ளிவிட்டா?"

ஈட்டி யோசித்தது. "பைக்குக் கால் இல்லை..."

"இவன்கிட்ட என்னப்பா கேள்வி, வாங்கு!" என்றது காய்ந்த தோல்பை.

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை மடியிலிருந்து நழுவியது. தவழ்ந்து முகட்டைத் தாண்டி, எரியன் பக்கம் வந்து உட்கார்ந்தது.

"தாண்டியாச்சு! எறி!" என்று ஈட்டி அலறியது.

"அது முட்டி. கால் இல்லை," என்றான் எரியன்.

"முட்டியும் காலோட சேர்த்திதான். எறி!"

எரியன் கை உயர்ந்தது. குழந்தை அவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. கீழ் ஈறில் அரிசி போல ஒரு பல். அது எப்போது முளைத்தது? எரியனுக்குத் தெரியாது. கை உயர்ந்தபடியே நின்றது, எறியவும் முடியாமல், இறக்கவும் தெரியாமல்.

அப்போது ஒரு பெருங்காற்று வீசியது. முகடு அவர்களுக்கு அடியில் நழுவி ஒரு முழம் கிழக்கே போய்விட்டது.

"அட, பாப்பா திரும்பி மேற்கே போயிட்டாளே!" என்றது ஈட்டி.

"அவ அசையவே இல்லையே," என்றான் எரியன்.

"அசையாம எப்படி மேற்கே போனா?"

எரியன் தன் காலைக் குனிந்து பார்த்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எட்டு எடுத்து வைக்க மறந்திருந்தான்.

ஈட்டியின் குரல் மெலிந்தது. "எரியா... நீயும் மேற்கே நிக்கிறே."

"சரி. இப்ப யார் மேல எறியணும்?"

ஈட்டியின் முனை எங்கே திரும்புவது என்று தெரியாமல் ஆடியது. எரியன் அதை மணலில் கிடத்தினான். இருப்பை நீட்டிய தோல்பையை வாங்கி, மார்பெல்லாம் நனைய நனையக் குடித்தான். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

நகர்ந்துகொண்டிருந்த மேடு திரும்பிப் பார்த்துக் கேட்டது: "என்ன எரியா, காவலை விட்டுட்டுப் போறியா?"

"நான் நின்ன இடத்துலதான் நிக்கிறேன்," என்றான் எரியன். "போறது நீதான்."