வெற்றிலை வாங்கிய கை

"சொன்னதைச் செய்யாதவனின் தலை யாருக்குச் சொந்தம், அடிகளே?"

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே சேனாபதி வயிரமேகன் இதைக் கேட்டான்.

இளநேமிக் குரத்தியார் மயிற்பீலியால் பாறையை மெல்லத் துடைத்து, எறும்புகள் விலகிய பிறகு அமர்ந்தார். சமணத் துறவியருள் பாடம் சொல்லும் பெண்ணைக் குரத்தி என்று அழைப்பது அந்நாளைய வழக்கு. இருவரும் நரை கண்டவர்கள்; ஏறத்தாழ ஒரே வயது. இருந்தும், வாள் எடுப்பதற்கு முன்னால் வயிரமேகன் ஏடு எடுத்தது அவரிடம்தான்.

"அவன் தலை அவனுக்குத்தான் சொந்தம். உனக்கு எதற்கு?"

"எனக்கல்ல. அரசருக்கு வேண்டும்."

"அரசருக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே."

வயிரமேகன் சிரிக்கவில்லை.

"கொலை பாவம் என்பீர்கள். அது எனக்குத் தெரியும். அதைக் கேட்க வரவில்லை. தோல்விக்கு ஒருவன் பொறுப்பேற்றாக வேண்டும். குற்றம் யாருடையது என்று மட்டும் சொல்லுங்கள்."

"அவன் தலை இல்லையென்றால்?"

"என் தலை."

"அப்படியானால் நடந்ததைச் சொல்."

அவன் சொன்னான்.

ஆற்றங்கரையில் போர். கடம்பன் குதிரைப்படைக்குத் தலைவன். அவனை ஆற்றுத் துறையில் நிறுத்திவிட்டு, வயிரமேகன் நடுப்படையை நடத்திக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போனான். அங்கே பகைவர் நடுப்படையை மூன்று புறமும் வளைத்தார்கள். பொழுது சாய்ந்தபோது, எழுந்து நடக்கக் கூடியவர்களுக்கு ஒரு வேப்ப மரத்தின் நிழல் போதுமானதாக இருந்தது.

துறைக்குப் பகைவன் ஒருவன்கூட வரவில்லை. கடம்பனின் குதிரைகள் கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

"அவனுக்கு நீ இட்ட கட்டளை என்ன?"

"'துறையைக் காத்து நில். வேளை வரும்போது துணைக்கு வா' என்றேன். வந்தானா? நாங்கள் சாகச் சாக நின்றுகொண்டிருந்தான்."

"அவன் என்ன சொல்கிறான்?"

"'நீங்கள் அழைக்கவில்லையே' என்கிறான். சங்கொலி கேட்கும் என்று காத்திருந்தானாம். சங்கு ஊதுபவன் முதல் அம்பிலேயே விழுந்துவிட்டான். 'புழுதி எழுந்ததே, கண் தெரியவில்லையா?' என்று கேட்டேன். 'வெல்கிறவன் கிளப்பும் புழுதிக்கும் சாகிறவன் கிளப்பும் புழுதிக்கும் நிறம் ஒன்றுதான், ஐயா' என்கிறான்."

"வாய் நீளம்."

"கையைக் கட்டும்போதும் அது ஓயவில்லை. 'கட்டுகிறவனுக்காவது தெளிவாகச் சொல்லுங்கள், முன்புறமா பின்புறமா என்று' என்றான்."

குரத்தியாரின் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"வேளை எது என்று அவன் அப்போதே கேட்டிருக்கலாமே?"

"எப்படிக் கேட்பான்? வெற்றிலை கொடுத்துவிட்டேன்."

அந்தப் படையில் கட்டளையோடு வெற்றிலை தருவது மரபு. கை நீட்டி வாங்கியவன் பணியை ஏற்றுக்கொண்டவன். ஏற்றுக்கொண்ட பிறகு வாய் திறந்து கேள்வி கேட்டால், உயிருக்கு அஞ்சிப் பின்வாங்குகிறான் என்று பொருள். அப்படிக் கேட்ட ஒருவனை வயிரமேகன் முன்பொரு முறை, படை முழுவதும் பார்க்க, தன் செருப்பைத் தலையில் சுமந்து நடக்க வைத்தான். அதற்குப் பிறகு அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

அதை ஒழுங்கு என்று அவன் நினைத்திருந்தான்.

குரத்தியார் எழுந்தார். எதிரே, பாறைப் பிளவில், ஒரு சுனை. அதற்கு மேலே குகை. போரில் காயம்பட்டவர்கள் அந்தக் குகையில் கிடந்தார்கள். எந்தப் படைக்காரன் என்று அங்கே யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

உயிருள்ள இலையை அவர் பறிக்க மாட்டார். பாறையில் உதிர்ந்து கிடந்த ஓர் அரசிலையை எடுத்து அவன் முன் நீட்டினார்.

பழக்கம் அவன் கையை நீட்டியது. வாங்கிக்கொண்டான்.

"இந்தச் சுனையைக் காத்து நில். கலங்கிவிட்டால் மேலே கிடப்பவர்களுக்கு வேறு நீர் இல்லை. வேளை வரும்போது மேலே வா."

அவர் படியேறத் தொடங்கினார்.

வயிரமேகன் ஏதோ கேட்க வாயெடுத்தான். கையிலிருந்த இலையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

எதிர்ப் பாறையில் குரங்குகள் கூட்டமாய் வந்து அமர்ந்தன. தண்ணீரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தன. அவன் வாளின் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

வெயில் ஏறியது.

குகையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அவன் ஒரு படி ஏறினான். குரங்கொன்று பாறையிலிருந்து கீழே குதித்தது. அவன் திரும்பி வந்தான். அது மறுபடியும் மேலே ஏறிக்கொண்டது.

முனகல் அலறலாயிற்று. அழைக்கிறார்களா, வெறும் வலியா? அவன் மேலே பார்த்தான். குகை வாயிலில் யாரும் இல்லை. குரங்குகளைப் பார்த்தான். அவை அசையாமல் காத்திருந்தன.

'அழைத்தால் போவேன்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அலறல் முனகலாகத் தணிந்தது. பிறகு அதுவும் நின்றது.

குரங்குகள் சலித்துப்போய், வந்த வழியே போய்விட்டன. ஒன்றுகூடத் தண்ணீரைத் தொடவில்லை. சுனை கண்ணாடிபோல் தெளிந்து கிடந்தது. அதில் அவன் முகம் தெரிந்தது.

வெயில் மேற்கே சரிந்த பிறகே குரத்தியார் இறங்கி வந்தார். வெள்ளாடையிலும், கைகளில் முழங்கை வரையிலும் குருதி.

"ஒருவன் இறந்துவிட்டான். உன் நடுப்படையைச் சேர்ந்தவன். புரட்டிப் படுக்க வைக்க எங்கள் கைகள் போதவில்லை. நீ ஏன் வரவில்லை?"

"நீங்கள் அழைக்கவில்லையே!"

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது யாருடைய சொல் என்பது அவனுக்கு உறைத்தது.



"நான் வந்திருந்தால் பிழைத்திருப்பானா?"

"இல்லை. வலி கொஞ்சம் குறைந்திருக்கும்."

"சுனையை விட்டுவிட்டு வந்திருந்தால்?"

"சுனையை ஏன் விட்டாய் என்று கேட்டிருப்பேன்."

வயிரமேகன் படியில் உட்கார்ந்தான். சேனாபதியான நாள்முதல் ஒருவரின் காலடியில் தான் அமர்ந்தது இதுவே முதல் முறை என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

"அன்று களத்தில், வேளை என்று நீ எதை நினைத்தாய்?"



"எதையும் நினைக்கவில்லை. பகைவன் மேட்டு வழியாக வருவானா, துறை வழியாக வருவானா என்று எனக்கே தெரியாது."

"அதைக் கடம்பனிடம் சொன்னாயா?"

"தெரியாது என்று ஒரு சேனாபதி சொல்வதுண்டா, அடிகளே?"

"சரி. அவன் துறையை விட்டு உன்னிடம் வந்து, பகைவன் அந்த வழியே புகுந்திருந்தால்?"

"அப்போதும் அவனைத்தான்..."

அவன் நிறுத்திக்கொண்டான்.

"வென்றிருந்தால்?"

வெற்றி விழாவில் தான் எப்படி நின்றிருப்பான், எந்தத் திட்டத்தை யாருடையது என்று சொல்லியிருப்பான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கடம்பன் சற்றுத் தள்ளி, பின்வரிசையில், ஏதாவது கேலி பேசிக்கொண்டு நின்றிருப்பான்.

வயிரமேகன் எழுந்தான். குரல் தெளிந்திருந்தது.

"கீழே போனதும் அவன் கட்டை நானே அவிழ்க்கிறேன். அரசரிடமும் நானே போகிறேன். அவருக்குத் தலைதானே வேண்டும்? கொண்டுபோகிறேன்."

"போ."

அவன் இரண்டு படி இறங்கியிருப்பான்.

"கடம்பனை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய்?"

"காவல் தலைவன் பூதனிடம். நல்லவன். எதிர்த்து ஒரு சொல் பேச மாட்டான்."

"அவனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாய்?"

வயிரமேகன் வாய் திறந்தான். தன் நிழலைப் பார்த்தான். காலையில் அவன் மலையேறும்போது மேற்கே விழுந்த நிழல், இப்போது கிழக்கே நீண்டு கிடந்தது.

"'நான் வரத் தாமதமானால், ஆக வேண்டியதைச் செய்' என்றேன்."

"ஆக வேண்டியது எது?"

காலையில் அது அவனுக்குத் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் மலையேறி வந்திருந்தான்.

"வெற்றிலை?" என்றார் குரத்தியார்.

"கொடுத்தேன்."

அவர் மயிற்பீலியை எடுத்துக்கொண்டு குகைக்குத் திரும்பினார். அங்கே இன்னும் பலர் கிடந்தார்கள்.

வயிரமேகன் ஓடினான். அந்த வயதில், அந்தக் கவசத்தோடு, அந்தச் சரிவில் யாரும் ஓட மாட்டார்கள். இருமுறை விழுந்தான். முழங்கால் கிழிந்தது தெரியவில்லை. கையிலிருந்த அரசிலை எங்கோ உதிர்ந்து தூளாகிப் போனதும் தெரியவில்லை.

அடிவாரத்துப் புளிய மரத்தருகே பூதன் எதிரே வந்தான். இடுப்புத் துணியில் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தான். வெற்றிலை மென்ற வாய் சிவந்திருந்தது. சேனாபதியைக் கண்டதும் நிமிர்ந்து நின்றான்.

"வெயில் சாயும்வரை காத்திருந்து பார்த்தேன், ஐயா. நீங்கள் வரவில்லை. ஆக வேண்டியது ஆயிற்று."

வயிரமேகனுக்கு மூச்சு வாங்கியது.

"கடைசிவரை அவனுக்கு வாய் அடங்கவில்லை, ஐயா. 'பூதா, உனக்குச் சொன்னது உனக்காவது விளங்கிற்றா?' என்று கேட்டுச் சிரித்தான். நான் பதில் பேசவில்லை."

"யாரடா உன்னை..." வயிரமேகன் அவன் தோளைப் பற்றி உலுக்கினான். "யார் உன்னை அதைச் செய்யச் சொன்னது?"

பூதனின் முகம் வெளிறியது. சேனாபதியின் கண்களைப் பார்த்தான். பிறகு தன் வெறுங்கையைப் பார்த்தான்.

"கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஐயா. வெற்றிலை கையில் இருந்தது."