நெத்தியில ஒட்டின குருத்தோலை

ஒரு ஊர்ல ஒரு சந்தியாகு அண்ணாச்சி இருந்தார். செம்மண் மணல் மேடா கிடக்குற தேரிக்காட்டு ஊரு. நடுவுல மாதா கோயில், கோயிலுக்குப் பின்னால பனங்காடு. அண்ணாச்சிதான் கோயில் கமிட்டித் தலைவர். அவர் தும்மினாக்கூட ஊரே 'ஆமென்' சொல்லணும், அவ்வளவு பக்தி! ம் கொட்டு மக்கா.

'ம்.'

அண்ணாச்சிக்கு ஒரே ஆசை. அந்தப் பனையெல்லாம் சாய்ச்சுட்டு ஒரு கல்யாண மண்டபம் கட்டணும், வாசல்ல தன் பேரைக் கல்லுல வெட்டணும். ஊர்க்காரங்க விடலை. "குருத்து ஞாயிறு பவனிக்கு ஓலைக்கு எங்க போறது?"ன்னாங்க. இயேசு கழுதை மேல வந்தப்போ சனங்க ஓலை பிடிச்சாங்கல்ல, அதை நினைச்சுப் போற பவனி. பிடிச்ச ஓலையை வீட்டுல படத்துக்குப் பின்னால செருகி வைப்போம். மறுவருஷம் சாம்பல் புதன் அன்னைக்கு அதையே எரிச்சு நெத்தியில பூசிக்குவோம்.

அண்ணாச்சி டவுனுக்குப் போனார். மூட்டை மூட்டையா பிளாஸ்டிக் குருத்து வாங்கிட்டு வந்தார். "வாடாது, வதங்காது, பூச்சி அரிக்காது. நித்திய ஜீவன் மாதிரி! இனிமே பனை எதுக்கு?"ன்னார். நித்திய ஜீவனை மூட்டையில கட்டி விக்கிறாங்கன்னு அவருக்கு யார் சொன்னாங்களோ.

அப்புறம் பவனி கிளம்புச்சு. எல்லார் கையிலயும் கிரீச் கிரீச், கிரீச் கிரீச். கோயில் வாசல்ல ஒரு ஆடு. வருஷா வருஷம் ஓலையைக் கடிச்சுட்டு அடி வாங்குற ஆடு. அண்ணாச்சி கையில இருந்ததை லபக்குன்னு கவ்வுச்சு. மென்னுச்சு, மென்னுச்சு, 'த்தூ'ன்னு அவர் வெள்ளை வேட்டியிலயே துப்பிடுச்சு.

"புத்தி கெட்ட ஆடு!"ன்னார் அண்ணாச்சி.

அப்புறம் அதையே வீட்டுல படத்துக்குப் பின்னால செருகி வெச்சார். கூடு கட்ட நார் தேடி ஒரு தூக்கணாங்குருவி வந்துச்சு. டிக், டிக், டிக்னு கொத்துச்சு. ஒரு நார்கூட வரலை. கோவத்துல அண்ணாச்சி வழுக்கைத் தலையில 'பொளிச்'னு எச்சம் போட்டுட்டுப் பறந்துடுச்சு.

அவர் சம்சாரம் சூசையம்மா, "ஏங்க, ஆடும் வேண்டாங்குது, குருவியும் வேண்டாங்குது. உங்களுக்கு மட்டும் எப்படிப் பிடிச்சுது?"ன்னு கேட்டாங்க.

"குருவி என்ன பைபிள் படிச்சிருக்கா? சும்மா கெட."

தூங்கிட்டியா மக்கா?

'ம்ம்... ம்.'

அப்புறம் மறுவருஷம் சாம்பல் புதன் வந்துச்சு. பூசைக்கு, எல்லாரும் 'ஆண்டவரே'ன்னு கூப்பிடுற ஆயரே வர்றார். பூசை முடிஞ்சதும் மண்டபத்துக்கு மூலைக்கல் மந்திரிப்பார், உடனே பனை விழும். அண்ணாச்சி முந்தின நாளே பனைக்குப் பனை சுண்ணாம்புல சிலுவை போட்டுட்டார், வெட்டுறவனுக்கு அடையாளமா. அவருக்கு வேற குறி கிடைக்கலை பாரு.

கோயில் வேலை பார்க்குற கோயில்பிள்ளை அந்தக் குருத்தையெல்லாம் சட்டியில போட்டு நெருப்பு வெச்சார். புஸ்ஸ்ஸ்... டப், டப்... ஒரே கரும்புகை, ஒரே நாத்தம். சாம்பலா ஆச்சு? உருகி, கருப்பட்டிப் பாகு மாதிரி கொழகொழன்னு கிடந்துச்சு.

"அண்ணாச்சி, நெருப்பும் வேண்டாங்குதே!"

"ஆறினா எல்லாம் சாம்பல்தான்வே. கொண்டு வாரும்."

அப்புறம் பூசையில முதல் ஆளா அண்ணாச்சி போய் நெத்தியை நீட்டினார். ஆயர் சட்டியில கட்டை விரலை விட்டு, சிலுவை போட்டு, "மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே..."ன்னு சொல்லிக்கிட்டிருக்கும்போதே விரல் நெத்தியோட ஒட்டிக்கிச்சு! இழுத்தார். வரலை. ஒரு கையால அண்ணாச்சி தலையைப் பிடிச்சுக்கிட்டு இழுத்தார். பளக்! விரல் வந்துச்சு, சிலுவை நெத்தியிலயே தங்கிடுச்சு.

"இது எந்த மரத்து ஓலை?"

"பிளாஸ்டிக்குங்க ஆண்டவரே. அழியவே அழியாது."

"அழியாததை வெச்சுக்கிட்டு மண்ணுக்குத் திரும்புவாய்னு நான் எந்த வாயால சொல்ல? பின்னால அவ்வளவு பனை நிக்குதே. நீங்களே போய் ஒரு காஞ்ச ஓலை கொண்டு வாங்க. அதுவரைக்கும் காத்திருக்கோம்."

அண்ணாச்சி போனார். பனை நெத்தியில வெள்ளைச் சிலுவை, அவர் நெத்தியில கறுப்புச் சிலுவை. ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு நின்னுச்சு. 'வெட்ட அடையாளம் போட்டது யாருக்கு?'ன்னு தன் நெத்தியைத் தடவிப் பார்த்தார். அப்போ மேல இருந்து 'சரக்'னு ஒரு ஓலை அவர் காலடியில விழுந்துச்சு. வெட்டப்போறவனுக்கும் கொடுக்குது பாரு, அந்தப் பனைக்கு வெட்கம் கிடையாது.

அதைத் தலையில சுமந்துக்கிட்டு வந்தார். எரிச்சாங்க. பூ மாதிரி சாம்பல். ஊரே பூசிக்கிச்சு. அண்ணாச்சிக்குத்தான் நெத்தியில இடமில்லை.

பூசை முடிஞ்சு ஆயர், "மூலைக்கல் எங்கே?"ன்னார்.

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தாங்க. அண்ணாச்சி பனையைப் பார்த்தார்.

"அதுங்களா ஆண்டவரே... அது துணி துவைக்கப் போட்ட கல்லுங்க."

அப்புறம் ஒரு கோடை மழை பெஞ்சுச்சு. பனையில இருந்த சிலுவையெல்லாம் கரைஞ்சு போச்சு. அண்ணாச்சி நெத்தியில இருக்கிறதுக்கு சோப்பு போட்டார், தேங்காய் எண்ணெய் போட்டார், மண்ணெண்ணெயும் போட்டார்.

"விடுங்க," அப்படின்னாங்க சூசையம்மா. "நீங்க மண்ணுக்குத் திரும்பிடுவீங்க. அதுதான் திரும்பாது."

இன்னும் தேய்ச்சுக்கிட்டே இருக்கார். சர்க், சர்க், சர்க்...

ம்?

கதை பனை ஏறிப் போச்சு, கண்ணை மூடித் தூங்கு.