எல்லா ஊரிலும் ஒரே விலை

"எந்த ஊர்ல கடை போட்டா செலவு குறையும், சாமி?"

சந்தனமாரி இதைக் கேட்டபோது அவள் இடுப்பில் பூக்கூடை இருந்தது. நந்தவனத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

சாமி கண்ணைத் திறக்கவில்லை. "என்ன கடை?"

"மாவுக்கடை. இட்லி மாவு, தோசை மாவு. அம்மா ஊர்ல வீட்டிலேயே அரைச்சு விக்குது. அது மாவுல இட்லி ஊத்தினா பஞ்சு மாதிரி வரும். ஆனா எங்க தெருவைத் தாண்டி ஒரு கரண்டி மாவு போனதில்லை."

"ஏன்?"

"ஏன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் டவுனுக்குப் போறேன்கிறேன். ரெண்டு கிரைண்டர் வாங்கியாச்சு. அம்மாவுக்கும் வயசாகுது. கடைதான் பாக்கி."

"மதுரை, கோவை, சென்னை. மூணையும் பார்த்துட்டு வா. ஒவ்வொண்ணா."

"போன்ல கேட்டா ஆகாதா?"

"கடை வாசல்ல நின்னு கேட்டாத்தான் விலை தெரியும், மாரி."

சாமிக்கு வயது நாற்பதுகூட இருக்காது. நன்றாகப் படித்தவர். வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு வந்து மலையடிவாரத்தில் ஆசிரமம் அமைத்தவர். வாசல் வளைவில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: இங்கே வருகிறவர்களுக்கு நேற்று கிடையாது.

பி.காம். முடித்த கையோடு அந்த வரியை நம்பித்தான் மாரி உள்ளே வந்தாள்.

சேர்ந்த அன்று சாமி அவளிடம் ஊரைப் பற்றிப் பிரியமாக விசாரித்தார். கோயில் எந்தப் பக்கம், ஓடை எங்கே ஓடுகிறது, ஓடைக்கு இங்கிட்டா அங்கிட்டா உங்கள் வீடு. இவ்வளவு பெரிய மனிதர் நம் வீட்டைக் கேட்கிறாரே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஓடைக்கு அங்கிட்டு, கிழக்குத் தெரு என்று ஆசையாகச் சொன்னாள்.

கையைக் காட்டச் சொன்னார். குனிந்து பார்த்தார்.

"இது பூவுக்கு ராசியான கை. நந்தவனம் உன் பொறுப்பு."

அன்றிலிருந்து ஆசிரமத்துப் பூவெல்லாம் அவள் பறித்ததுதான். கூடையைக் கொண்டுபோய்ப் பூஜை அறை வாசலில் வைப்பாள். உள்வேலை பார்க்கும் கோமளா அக்கா வந்து, செம்பிலிருந்து தண்ணீர் அள்ளிப் பூவின் மேல் தெளித்துவிட்டு எடுத்துப் போவாள்.

"எதுக்குக்கா தண்ணி? இப்பத்தான பறிச்சேன்?"

"வாடிடக் கூடாதுல்ல."

அது சரிதான் என்று மாரியும் விட்டுவிட்டாள்.

மதுரையில் கடை நல்ல இடத்தில் இருந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம், எதிரே பஸ் ஸ்டாப். வாடகை கட்டுப்படி ஆகும். அட்வான்ஸ் பத்து மாதம். ஷட்டருக்கு மட்டும் நாமே பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் டீ வரவழைத்தார். "எந்த ஊரு தாயி?"

சொன்னாள்.

"அட, நம்ம பக்கம்! ஊருக்குள்ள எந்தத் தெரு?"

சொன்னாள்.

அவர் டீயை உறிஞ்சினார். இன்னொரு வாய் உறிஞ்சினார். "அட்வான்ஸ் இருபது மாசம்."

"இப்பத்தான பத்துன்னீங்க?"

"அது போன வருஷத்து ரேட்டு."

"போன வருஷம் போய் ரெண்டு நிமிஷம்கூட ஆகலையேண்ணே."

அவர் சிரிக்கவில்லை.

மாரி ஆசிரமத்துக்குத் திரும்பி, கொதித்துப்போய்ச் சொன்னாள். சாமி அமைதியாகக் கேட்டார். பிறகு ஜன்னல் வழியே மலையைக் காட்டினார்.

"உச்சியைப் பார்க்கிறவன் வழியில கிடக்கிற கல்லை எண்ண மாட்டான்."

"அவன் செருப்புப் போட்டிருப்பான், சாமி. வெறுங்காலோட ஏறுறவ எண்ணித்தான் ஆகணும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார். "வாயாடி. கோவைக்குப் போ."

கோவையில் வாடகை ஒரு படி அதிகம். ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர், மாவுக்கு ஏற்றது. மீட்டர் தனி. வீட்டுக்காரர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மணி, உக்காருங்க. மாவுக்கடைங்களா? பேஷ். இந்த வீதியில ஒண்ணுகூட இல்லீங்க. நாங்களே உங்ககிட்டத்தான் வாங்குவோம்."

மாரிக்கு அந்த 'ங்க'வைக் கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது. அங்கேயே பெயர்ப்பலகையை மாட்டிவிட்டாள், மனசுக்குள்.

"அப்புறங்க, உங்களுக்குக் குலசாமி எதுங்க?"

அவள் குலசாமியின் பெயரைச் சொன்னாள். கோயில் எந்த ஊரில் என்றும் கேட்டார். அதையும் சொன்னாள்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மணி. நம்ம பையன் துபாய்ல இருக்கான். வந்து கடை போடறேன்னு நேத்துதான் போன் பண்ணினான்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எந்தப் பையனுங்க? நம்மளுக்கு ரெண்டும் பொண்ணுங்கதான?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை வந்து மரியாதையாகத்தான் வழியனுப்பினார்.

"அப்போ மதுரைக்காரரே மேல், சாமி. அட்வான்ஸை ஏத்தினாலும் கடையாவது தர்றேன்னார். இவர் ஒரு பிள்ளையையே பெத்துக் காட்டிட்டார்," என்றாள் ஆசிரமத்துக்கு வந்ததும்.

சாமி விரலை உயர்த்தினார். "ஒரு புதிர் போடறேன். வாடகை ஊருக்கு ஊர் மாறும். அட்வான்ஸ் மாறும். எல்லா ஊர்லயும் ஒரே விலைக்குக் கிடைக்கிறது ஒண்ணு இருக்கு. அது என்ன? கண்டுபிடிச்சா உனக்குக் கடை கிடைக்கும்."

மாரி புதிரைச் சுமந்துகொண்டு சென்னைக்குப் போனாள்.

சென்னையில் எல்லாமே பணம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, தண்ணீர் லாரிக்குத் தனி, குப்பைக்குத் தனி. வாடகையைக் கேட்டாலே தலை சுற்றியது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடியலில் திறந்து இரவு வரை நின்றால் சமாளித்துவிடலாம்.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். ஓய்வுபெற்ற பேராசிரியர்.

"எங்க வீட்டுல அதெல்லாம் பார்க்கிறதே இல்லம்மா. ஊர், தெரு, எதுவும் கேட்க மாட்டேன். பொண்ணுங்க முன்னுக்கு வரணும்."

"ரொம்ப சந்தோஷம், மேடம்."

"ஒண்ணே ஒண்ணு. சைவம்தானே?"

"மாவுக்கடை மேடம். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு."

"கடை சைவம். நீங்க?"

மாரி கணக்குப் போட்ட சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"சொல்லி அனுப்பறேன்மா," என்றார் அவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

திரும்பி வரும் பஸ்ஸில் மாரிக்குப் புதிர் அவிழ்ந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன், சாமி."

"சொல்லு."

"ஒரு கேள்வி. மதுரையில தெருன்னு கேட்கிறாங்க. கோவையில குலசாமின்னு கேட்கிறாங்க. சென்னையில என்ன சாப்பிடுவேன்னு கேட்கிறாங்க. கேட்கிற வார்த்தைதான் வேற, கேள்வி ஒண்ணுதான். அதுக்கு நான் குடுக்கிற விலையும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

"நான் நினைச்சது பொறுமை," என்றார் சாமி.

"அதையும் நான்தான குடுத்துட்டு வந்தேன்?"

சாமியின் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது. மாரிக்கு அதைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"உலகம் இன்னும் முழிக்கலை, மாரி. நீ இங்கே வந்து நாலு வருஷம் ஆச்சு. இங்கே யாராவது உன்னை அப்படிக் கேட்டாங்களா?"

"இல்லை, சாமி."

சொல்லி முடித்த பிறகுதான் மனசு சற்றுத் தயங்கியது. எதற்கென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஆசிரமத்து மதிலை ஒட்டிச் சாலையைப் பார்த்து ஆறு கடைகள் உண்டு. எல்லாம் ஆசிரமத்துக்குச் சொந்தம். மூலைக்கடை பூட்டியே கிடந்தது. நாள் முழுக்க வருகிற பக்தர்கள் கூட்டம் அந்த வாசலைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

"சாமி, நம்ம மூலைக்கடைக்கு என்ன அட்வான்ஸ்?"

கேட்டே விட்டாள்.

சாமி சிரித்தார். தான் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் கைவிட்டுச் சாவியை எடுத்து, அவள் முன்னால் தரையில் வைத்தார்.

"அட்வான்ஸ் கிடையாது. வாடகை கிடையாது. நாளைக்கே திற."

இந்த மலையடிவாரத்திலேயே கடை இருக்க, எதற்காக மூன்று ஊர் அலைந்தோம்? மாரி சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"காலையிலேயே கிரைண்டரை ஏத்திட்டு வந்துர்றேன், சாமி. அம்மாகிட்ட இப்பவே போன்ல சொல்லிர்றேன். முதல் மாவு ஆசிரமத்துக்கு. உங்களுக்கு நானே இட்லி ஊத்தித் தர்றேன்."

"மாவா?"

"ஆமா, சாமி. மாவுக்கடைதான?"

"மாவு எதுக்கு? பூக்கடை வை." சாமியின் குரலில் பிரியம் கொஞ்சமும் குறையவில்லை. "உன் கை பூவுக்கு ராசியான கை."

"மாவும் என் கைக்கு நல்லாவே பொங்கும், சாமி."

"பொங்கும், பொங்கும். எனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? சாப்பிட்டுப் பார்த்திருக்கீங்களா?"

சாமி ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார்.

சமையற்கட்டிலிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது. அங்கே எல்லாரும் முறை வைத்து வேலை செய்வார்கள். நேற்று வந்து சேர்ந்த பெண்ணுக்குக்கூட இந்த வாரம் முறை இருந்தது. மாரிக்கு நாலு வருஷத்தில் ஒருமுறைகூட வரவில்லை. நந்தவனத்து வேலையே சரியாக இருக்கிறதே என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓடைக்கு இங்கிட்டா, அங்கிட்டா?

எவ்வளவு பிரியமாகக் கேட்டார்.

மாரி சாவியைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, சாமியின் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்தாள். வாசலில் நின்ற கோமளா அக்கா "ஏய், ஏய்" என்று ஓடி வந்தாள்.

மாரி அவசரப்படவில்லை. செம்பிலிருந்து தண்ணீர் அள்ளிச் சாவியின் மேல் தெளித்தாள். நன்றாக நனையும்படி தெளித்தாள். பிறகு அதைச் சாமியின் முன்னால் தரையில் வைத்தாள்.

"என்ன இது, மாரி?"

"வாடிடக் கூடாதுல்ல, சாமி."