வாசலுக்கு வந்த பூசணிப்பூ

செடிகொடிகளுக்கு வாயும் மாதங்களுக்குக் காலும் இருந்த காலம் அது. மார்கழி என்பவள் விடியற்காலைப் பனிக்குள் ஊர் ஊராக நடந்து வருவாள். எந்த வாசலில் கோலம் தெரிகிறதோ அங்கே கால் வைப்பாள். அவள் கால் வைத்த வீட்டு வயலில்தான் கதிர் பால் பிடிக்கும். மற்றதெல்லாம் பதர்தான்.

ஆற்றங்கரையில் வெளுப்பூர் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு அழகுப் பைத்தியம். அழகென்றால் வெள்ளை, அவ்வளவுதான். வெள்ளைப் பசுவை முன்னால் கட்டுவார்கள், எருமையைப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். அந்த வருஷம் பைத்தியம் முற்றிவிட்டது. வாசலில் சாணம் தெளிப்பது அசிங்கமாம்! சுண்ணாம்பை அடித்து, அதன்மேல் வெள்ளை மாவில் கோலம் போட்டார்கள். வெள்ளைப் பசு போடுகிற சாணி மட்டும் வெள்ளையாகவா இருக்கும்? அதைக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

அந்த ஊரில் பிச்சியம்மா வீட்டுக்கு உலகாயி மருமகளாக வந்தாள். மகன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்த பெண். நல்ல கறுப்பு, நல்ல உயரம், அகலமான தோள். சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். பிச்சியம்மாவுக்கு மானமே போய்விட்டது.

"இதோ பார். நீ கொல்லையிலேயே இரு. ஆள் பார்க்க முன்வாசலுக்கு வந்தாயோ, அன்றைக்கே உன்னை உன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்!"

உலகாயி கொல்லைக் குப்பைமேட்டில் உட்கார்ந்து அழுதாள். புருஷன்மேல் அவளுக்கு உயிர். அவனை விட்டுப் போவதை நினைக்கவே முடியவில்லை.

"அழாதே அக்கா," என்றது ஒரு குரல். குப்பைமேட்டில் படர்ந்திருந்த பூசணிக்கொடியின் பூ. "என்னையும் இப்படித்தான் சொல்கிறார்கள். வாசனை இல்லையாம், தலையில் வைத்தால் தலையே தெரியாதாம். மல்லிகைக்கு இருக்கிற மரியாதை எனக்கு ஏது?"

பூசணிப்பூவைத் தலையில் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள் உலகாயி. அழுகைக்கு நடுவே சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. அதிலிருந்து இருவரும் சேக்காளிகள்.

மார்கழி பிறந்தது. பக்கத்து ஊரிலெல்லாம் கதிர் பால் பிடித்தது. வெளுப்பூரில் மட்டும் நெல்லை நசுக்கினால் ஒன்றுமில்லை, வெறும் உமி. ஊரே கதிகலங்கிப் போனது. அடுத்த வருஷம் சோற்றுக்கு என்ன செய்வது? கூடிப் பேசினார்கள். என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? அழகு போதவில்லையாம்! இன்னொரு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தார்கள். தெருவெல்லாம் மல்லிகையை இறைத்தார்கள்.

அதைக் கேட்டு உலகாயி கொல்லையில் வந்து புலம்பினாள். பூசணிப்பூ திருதிருவென்று விழித்தது.

"அக்கா, அந்த மார்கழியை நான் தினமும் பார்க்கிறேனே! இந்தக் கொல்லை வழியாகத்தான் போகிறாள். என்னைப் பார்த்ததும் நிற்பாள். 'இந்தப் பக்கம் ஏதோ ஊர் இருந்ததே, காணோமே?' என்று கேட்பாள். முன்பக்கம் போய்ப் பாருங்கள் என்பேன். போவாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே திரும்பி வருவாள்."

உலகாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவிகளா! பனியும் வெள்ளை, வாசலும் வெள்ளை, கோலமும் வெள்ளை! அவள் எதைப் பார்ப்பாள்?"

சொல்லிவிடலாம் என்றால் இவள் பேச்சை அங்கே யார் கேட்பார்கள்? முன்வாசலுக்குப் போனால் புருஷன் வீட்டை விட்டே போக வேண்டும். போகாவிட்டால் ஊருக்கே சோறில்லை. உலகாயி மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து, வாளி நிறையச் சாணியைக் கரைத்து, பூசணிப்பூவையும் கொய்து எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். சுண்ணாம்புத் தரை மறைய மறையத் தெளித்தாள். கரும்பச்சைத் தரையில் அவள் போட்ட கோலம் பளிச்சென்று எழுந்து நின்றது.

"நடுவிலே உன்னை வைக்கட்டுமா? காற்றில் சாய்ந்து விழுவாயே. சாணி உருண்டையில் உட்காருகிறாயா?" என்று பூசணிப்பூவைக் கேட்டாள்.

"குப்பைமேட்டில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? வை அக்கா!"

கதவு திறந்தது. பிச்சியம்மா வாசலைப் பார்த்தாள்.

"ஐயோ, என் வாசலில் சாணியா! மூட்டையைக் கட்டுடி!" என்று துடைப்பத்தை ஓங்கினாள்.

"அப்பாடா! இங்கேதான் இருக்கிறீர்களா?" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "எத்தனை நாளாக உங்கள் ஊரைத் தேடுகிறேன்! இந்த மஞ்சள் பூ கண்ணில் பட்டதோ, பிழைத்தேன்."

மார்கழி வந்து கோலத்தின் அருகே நின்றாள். பாலாட்டம் வெளுத்து, கொடியாட்டம் மெலிந்து வருவாள் என்றல்லவா ஊரே நினைத்திருந்தது? வந்தவளோ விடியாத வானம் மாதிரி கன்னங்கரேலென்று இருந்தாள். உலகாயியை விட ஒரு பிடி உயரம், இரண்டு பிடி அகலம். பிச்சியம்மாவின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

"இந்தக் கோலம் யார் போட்டது?" என்று கேட்டாள் மார்கழி.

பிச்சியம்மா முன்னால் வந்தாள். கதவோரம் ஒதுங்கப்போன உலகாயியின் கையைப் பிடித்து வாசல் நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"என் மருமகள்," என்றாள். இந்த வீட்டுக்கு உலகாயி வந்ததிலிருந்து அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

உலகாயி சிரித்தாள் பாருங்கள், தெருவே எழுந்துவிட்டது! மார்கழியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். விஷயம் தெரிந்ததும் சுண்ணாம்பு அடித்தவர்களெல்லாம் கொல்லைக்கு ஓடினார்கள். சாணிக்கு இப்படி ஒரு அடிதடி அந்த ஊர் பார்த்ததில்லை. ஒரு குப்பைமேடு விடாமல் பூசணிக்கொடியைத் தேடி, "அம்மா தாயே, எங்கள் வாசலுக்கும் வா" என்று கெஞ்சினார்கள். பூசணிப்பூவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்தது. ஏறட்டுமே, இப்போது என்ன குறைந்துவிட்டது? சில நாளில் வயலெல்லாம் பால் பிடித்துக் கதிர் தலைசாய்ந்தது.

அந்த விடியலில் ஆரம்பித்ததுதான், மார்கழி பிறந்தால் நம் வாசலில் சாணம் தெளித்துப் போட்ட கோலத்தின் நடுவில் சாணி உருண்டையின்மேல் பூசணிப்பூவை ராணி மாதிரி உட்கார வைப்பது.