ஓடும் மான் ஏன் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது

மிருகங்களும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சாவு என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. உலகம் புதிதாக இருந்தது. ஆண்டவர் நட்ட தோட்டத்தில் முதல் மனிதனும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். மிருகங்களுக்குப் பெயர் வைக்கும் வேலை மனிதனுக்குக் கிடைத்திருந்தது. மான், ஆடு, கரடி என்று இனத்துக்கு ஒரு பெயர் வைத்ததோடு அவன் நிறுத்தவில்லை. ஆசை ஆசையாய் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பெயர் வைத்தான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்த மிருகமும் மேய்ச்சலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வரும். வந்ததன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவான். அவன் கூப்பிட்டு வந்ததற்காக வருத்தப்பட்ட மிருகம் அதுவரை ஒன்றுகூட இல்லை.

அங்கே சிபியா என்று ஒரு பெண்மான் இருந்தாள். அவளுடைய இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அவள் குட்டியின் பெயர் ஏபேர். பால்குடி மறக்காத குட்டி. கூட்டத்தில் எத்தனை மான்கள் நின்றாலும் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்து நேராகத் தாயிடம் போய்விடும்.

பழத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பாம்பு ஆசை காட்ட, தின்னக் கூடாது என்று ஆண்டவர் சொன்ன பழத்தை இருவரும் தின்றார்கள். தின்றதும் ஒருவரையொருவர் பார்க்க வெட்கம் வந்துவிட்டது. அத்தி இலைகளைத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். இலை எவ்வளவு நேரம் தாங்கும்? வெயில் ஏறியதும் சுருண்டது, உட்கார்ந்தால் நொறுங்கியது. மரமாக மாறப் பார்க்கிறார்களா என்று கரடி கேட்க, மற்ற மிருகங்கள் சிரித்தன. ஆனால் அவர்கள் இருவரும் புதருக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் ஒளிவதை அவை அன்றுதான் பார்த்தன. ஏனென்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

மாலைக் காற்று வீசும்போது ஆண்டவர் நடந்து வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். அவன் அவளைக் கைகாட்டினான், அவள் பாம்பைக் கைகாட்டினாள். இருவரும் தோட்டத்தை விட்டுப் போகவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வெளியே முள்ளும் குளிரும்தான் இருந்தன. ஆண்டவர் அவர்கள் இடுப்பிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்த இலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிபியாவையும் ஒரு பெண் ஆட்டையும் தம்மோடு வரச் சொல்லி மரங்களுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

மற்ற மிருகங்களுக்குப் பொறாமைதான். ஆண்டவரோடு தனியே நடக்க யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? ஏபேரும் பின்னாலேயே கிளம்பியது. இங்கேயே நில், வந்துவிடுகிறேன் என்று சிபியா சொல்லிவிட்டுப் போனாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது.

ஆண்டவர் தனியாகத் திரும்பி வந்தார். கையில் இரண்டு உடைகள் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்த யானை தலையைத் தாழ்த்திக்கொண்டது. ஆட்டுத்தோலை அந்தப் பெண்ணுக்கு உடுத்திவிட்டார், மான்தோலை அந்த மனிதனுக்குப் போர்த்திவிட்டார். 

இருவரும் வெளியேறினார்கள். பழகிய பாசத்தில் சில மிருகங்களும் கூடவே வந்தன. அவர்களுக்குப் பின்னால் வாசல் அடைபட்டது. அங்கே நெருப்பு வாள் ஒன்று நிற்காமல் சுழலத் தொடங்கியது.

மனிதன் முன்னால் நடந்தான். அவன் இடது தோளில் அந்த வெள்ளைத் திட்டு தெரிந்தது. தாயின் வாசனையும் அங்கிருந்துதான் வந்தது. ஏபேர் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தபடி பின்னால் வந்துகொண்டிருந்தது.

"அம்மா ஏன் இரண்டு காலில் நடக்கிறாள்?" என்று கேட்டது.

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். சொல்லிவிடு என்பதுபோல் கணவனைப் பார்த்தாள். அவன் நடையை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "அம்மா தூங்குகிறாள். நான் சுமந்துகொண்டு வருகிறேன்" என்றான்.

தோட்டத்துக்கு வெளியே மனிதன் சொன்ன முதல் பொய் அதுதான். குட்டியின்மேல் இரக்கப்பட்டுச் சொன்னான் என்று சிலர் சொல்வார்கள். இரக்கமோ பயமோ, பொய் பொய்தான்.

அவர்கள் ஓர் ஓடைக்கரையில் குடிசை போட்டார்கள். ஏபேர் தினமும் அவன் காலடியில் அந்தத் தோலில் முகம் புதைத்துப் படுத்துக்கொள்ளும். அடிப்பக்கம் முட்டி முட்டிப் பாலைத் தேடும். எழுந்ததும் கொடுப்பாள் என்று அவன் சொல்வான். அந்தப் பெண்தான் இளம்புல்லை மென்று குட்டிக்கு ஊட்டி உயிரைக் காப்பாற்றினாள். உண்மையைச் சொல்ல அவளும் பலமுறை வாயெடுத்தாள். அது நிமிர்ந்து பார்த்ததும் இன்னொரு வாய் புல்லை ஊட்டிவிடுவாள்.

அவள் வயிற்றில் பிள்ளை வளர்ந்தது. பனிக்காலமும் வந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு தோல் வேண்டும் என்று மனிதன் சொன்னான். கூட வந்த ஆடுகள் முள்ளில் உரசி விட்டுப்போகும் ரோமத்தைச் சேர்த்துத் திரித்தால் போதும் என்று அவள் சொன்னாள். அதெல்லாம் ஆகிற வேலையா என்றான் அவன்.

"ஆண்டவர் ஒருமுறை செய்ததைத்தானே நான் செய்யப்போகிறேன்" என்றான்.

"செய்துவிட்டு அவர் முகம் எப்படி இருந்தது என்று நீ பார்க்கவில்லையா?" என்று அவள் கேட்டாள்.

 சாயங்காலம் ஏபேர் வந்து படுத்தபோது அதன் முதுகைத் தடவினான். கழுத்திலிருந்து வால்வரை சாண் வைத்துத் தடவினான். பிறகு மனைவியின் வயிற்றைப் பார்த்தான். குட்டி சுகமாய்க் கண்ணை மூடிக்கொண்டது. அவன் எதற்கு அளக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பொழுது விடியும்போதே அவள் கிளம்பிவிட்டாள். சீக்கிரம் ரோமம் சேர்த்துக் கொண்டுவந்தால் அவன் மனம் மாறிவிடும் என்று நம்பினாள். என்னோடு வந்துவிடு என்று ஏபேரையும் கெஞ்சிக் கூப்பிட்டாள். அது மறுத்துவிட்டது. நான் போன நேரத்தில் அம்மா எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டது. அவள் அழுதுகொண்டே போனாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

குட்டி ஓடையில் தண்ணீர் குடிக்கப் போன சமயம் மனிதன் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு உயர்ந்த புல்லுக்குள் இறங்கினான். மான்தோலைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாலு காலில் குனிந்தான். குரலை மெலிதாக்கிக் கூப்பிட்டான்.

"ஏபேர்."

புல்லுக்கு மேலே வெள்ளைத் திட்டு தெரிந்தது. அம்மா எழுந்துவிட்டாள் என்று குட்டி கத்திக்கொண்டே ஓடி வந்தது. சுற்றிலும் மேய்ந்துகொண்டிருந்த மிருகங்கள் எல்லாம் தலை தூக்கிப் பார்த்தன. ஏபேர் தாயின் தோளை நக்கியது. வயிற்றுக்கு அடியில் முகத்தை நுழைத்துப் பால் தேடியது. அங்கே ஒரு கை இருந்தது. கையில் கல் இருந்தது. குட்டி நிமிர்ந்தது. தாயின் கழுத்துக்குக் கீழிருந்து மனிதனுடைய கண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அம்மாவுக்குள்ளே நீ ஏன் இருக்கிறாய்?" என்று கேட்டது.

கல் பிடித்த கை ஒரு கணம் அப்படியே நின்றது. அந்த ஒரு கணம்தான் ஏபேருக்குக் கிடைத்தது. துள்ளித் திமிறி ஓடியது. உயிர் போகிற பயம் என்று ஒன்று உண்டென்று அதன் கால்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் பின்னாலிருந்து மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பெயர் காதில் விழுந்ததும் அதன் கால்கள் பழக்கத்தில் நின்றுவிட்டன. ஒருவேளை இப்போதாவது கூப்பிட்டது அம்மாவாக இருக்குமோ என்று திரும்பிப் பார்த்தது. மனிதன் எழுந்து நின்றிருந்தான். தோல் அவன் ஒரு தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. தோலின் நாலு கால்களும் காற்றில் ஆடின. உள்ளே யாரும் இல்லை.

கல் பறந்து வந்து குட்டியின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. ஏபேர் ஓடியது. அதற்குப்பிறகு அது ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த மிருகங்களும் மெதுவாகப் பின்வாங்கின. மனிதன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கரடி நிற்கவில்லை, யானை நிற்கவில்லை. பொழுது சாயும்வரை தான் வைத்த பெயர்களையெல்லாம் காட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தான். பதில் பேச யாரும் இல்லை.

மடி நிறைய ரோமத்தோடு அவள் திரும்பி வந்தாள். யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்டாள். யாரையும் இல்லை என்றான். எறிந்த கல்லைத் தேடி எடுத்து வந்து குடிசை வாசலில் வைத்திருந்தான். அதில் ரத்தம் ஒட்டியிருந்தது. பிறந்த பிள்ளையை அவள் ஆட்டு ரோமத்தில்தான் சுற்றினாள். ஆனால் பிள்ளை தவழ்ந்து போய் முதலில் எடுத்து விளையாடியது அந்தக் கல்லைத்தான். வளர்ந்தபிறகு அதையே தன் தம்பிமேல் ஓங்கினான். அதைச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

காட்டில் மனிதனைக் கண்டதும் மான் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடிய மான் கொஞ்ச தூரம் போனதும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். மானுக்குப் புத்தி அவ்வளவுதான் என்று சிரிப்பார்கள். அது நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏபேர் திரும்பிப் பார்த்த அந்தக் காலையிலிருந்து இந்த நாள்வரை, நம் இடது தோளில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.