இடது பூட்ஸின் குதி

"எல்லாரும் ஓடுறாங்க. என்னை மட்டும் ஏன்க்கா உட்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான் நிரஞ்சன்.

சகாயமேரி வறண்ட ஏரிக்குள் ஓடிக்கொண்டிருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பத்தாண்டு ராணுவ அதிகாரியாக இருந்து விலகியவர். அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானவர்கள், போய்ச் சேரும் முன் உடம்பைத் தேற்றிக்கொள்ள அவரிடம் வருவார்கள். மேடம் என்று கூப்பிட்டால் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவர் அக்கா.

நிரஞ்சன் மாதக் கடைசியில் பயிற்சிக்குப் போக வேண்டும். அங்கே கால் கெட்டுத் திரும்பினால் அவ்வளவுதான். மறுபடி தேர்வு எழுத வயது இல்லை.

"என் டைமிங் பாருங்கக்கா. இவங்க எல்லாரையும்விட நல்ல டைமிங்."

"அது ஷூ போட்டு ஓடினது. பூட்ஸ்ல?"

"பூட்ஸும் பழக்கியாச்சு. அருமையா இளகியிருக்கு."

"கழட்டு."

கழற்றினான். சகாயமேரி பூட்ஸை வளைத்துப் பார்த்தார். துணி மாதிரி வளைந்தது. அவன் பாதத்தைப் பார்த்தார். ஒரு காய்ப்புகூட இல்லை.

பிறகு பூட்ஸைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"இடது குதி மட்டும் ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

நிரஞ்சன் பார்த்தான். வலது குதி நன்றாக இருந்தது. இடது குதி பின்பக்கம் சாய்வாகக் கரைந்திருந்தது. அதுவரை அவன் அதைக் கவனித்ததே இல்லை.

"தெரியலக்கா."

"தெரிஞ்சுக்கிட்டு வா. அப்புறம் ஓடலாம்."

*

மறுநாள் பதிலோடு வந்தான்.

"தார் ரோடுக்கா. அதான் தேஞ்சிருக்கு."

"வலது கால் எந்த ரோட்டுல நடந்துச்சு?"

பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

*

அடுத்த நாள் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"என் கால்ல ஒரு குறையும் இல்லையாம். ரெண்டும் ஒரே மாதிரிதான் ஊனுதாம்."

"அப்ப இது யார் கால்?"

நிரஞ்சன் தரையைப் பார்த்தான்.

"எங்க வீட்டு வாட்ச்மேன், பிச்சாண்டி அண்ணன். அவருக்கும் எனக்கும் ஒரே சைஸ். புது பூட்ஸ் காலைக் கடிச்சா ஓட முடியாதேன்னு அவர்கிட்ட குடுத்தேன். நாலு மாசம் போட்டு நடந்து குடுத்தார். அவர் செருப்பும் அப்போ பிஞ்சுதான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் நல்லதுதானேன்னு..."

"இப்ப அவர் கால்ல என்ன இருக்கு?"

"அந்தச் செருப்புதான்."

இப்படிப்பட்ட உதவிகளின் மேல்தான் பெரிய வீடுகள் நிற்கின்றன.

சகாயமேரி கோபப்படவில்லை. பூட்ஸை அவன் கையில் கொடுத்தார்.

"கேள்வி அப்படியேதான் இருக்கு" என்றார்.

*

பிச்சாண்டி கேட் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிரஞ்சன் கையில் பூட்ஸைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்ன தம்பி, கெட்டுப்போச்சா? நான் பொறுப்பில்ல."

"இல்லண்ணே. இடது குதி மட்டும் ஏன் தேஞ்சிருக்குன்னு கேக்குறாங்க."

"சண்டைக்குப் போனா இதைத்தான் கேப்பாங்களா?"

"சொன்னாத்தான் ஓட விடுவாங்கண்ணே."

பிச்சாண்டி எழுந்தார்.

"வெளிய போய் நில்லுங்க. கார்ல வந்திருக்கீங்கன்னு வெச்சுக்குங்க. ஹாரன் அடிங்க."

நிரஞ்சன் வெளியே போய் நின்றான். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"பாம்" என்றான்.

"இவ்வளவு மெதுவா நீங்க அடிச்சதே இல்லையே."

"பாம்."

பிச்சாண்டி இரும்புக் கேட்டில் தோளைக் கொடுத்தார். இடது குதியைப் பின்னால் ஊன்றினார். செருப்பு வழுக்கியது. மறுபடி ஊன்றினார். கேட் சிமெண்டைக் கீறிக்கொண்டு நகர்ந்தது.

"அடியில சக்கரம் உடைஞ்சு கிடக்கு. குதியை ஊனித் தள்ளினாத்தான் வரும்."

"எப்பண்ணே உடைஞ்சுது?"

"அப்போ நீங்க ஸ்கூல் பஸ்ல போயிட்டிருந்தீங்க."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். திறக்குதுல்லன்னு கேட்டாங்க. திறக்குதுங்கன்னேன்."

நிரஞ்சன் உள்ளே வந்து கேட்டைப் பிடித்தான். தினமும் தண்டால் எடுக்கிற கை. கேட் அசையவில்லை.

"கையை விடுங்க. தோள் குடுங்க" என்றார் பிச்சாண்டி. "இடது குதி. ஆங். இப்ப."

நகர்ந்தது. மூடினான். திறந்தான். குதி எந்த இடத்தில் இழுபடுகிறது என்று குனிந்து பார்த்தான். மறுபடி மூடினான். பிச்சாண்டி நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

தெருமுனையில் கார் திரும்பியது. ஹாரன் அடித்தது.

பிச்சாண்டி எழப்போனார். நிரஞ்சன் கையைக் காட்டி அவரை உட்காரவைத்தான்.

அவனே திறந்தான். கார் உள்ளே போனது. பின் சீட்டில் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். திறந்தது யார் என்று பார்க்கவில்லை.

நிரஞ்சன் கேட்டைப் பிடித்தபடியே நின்றான்.

"மூடுங்க தம்பி" என்றார் பிச்சாண்டி. "நாய் வந்துரும்."

*

இரண்டு நாள் கழித்து நிரஞ்சன் ஏரிக்கு வந்தான். காலில் புது பூட்ஸ். பலகை மாதிரி விறைத்திருந்தது. நொண்டிக்கொண்டே வந்தான்.

"பழசு எங்க?" என்றார் சகாயமேரி.

"பிச்சாண்டி அண்ணன்கிட்ட."

"கடிக்குதா?"

"கடிக்குதுக்கா."

"கடிக்கட்டும். இன்னும் நாள் இருக்கு. கேள்விக்குப் பதில்?"

"கேட் அக்கா."

எல்லாவற்றையும் சொன்னான். ஹாரன் அடித்ததைச் சொன்னான். கார் வந்ததைச் சொன்னபோது குரல் தணிந்தது. சகாயமேரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பதில் சரிதானேக்கா?"

"சரிதான்."

"இனி ஓடலாமா?"

"ஓடலாம். வரிசையில நில்லு."

மற்றவர்கள் கோட்டில் நின்றிருந்தார்கள். நிரஞ்சன் அவர்களோடு போய் நின்றான். ஒரு காலை முன்னால் வைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டான்.

சகாயமேரி விசிலை வாயருகே கொண்டுபோனவர், நிறுத்தினார்.

"சக்கரம் மாட்டியாச்சா?"

நிரஞ்சன் நிமிர்ந்தான்.

முன்னால் ஏரி விரிந்து கிடந்தது. பக்கத்தில் நின்றவர்கள் விசிலுக்காகக் காத்திருந்தார்கள்.

அவன் வரிசையை விட்டு விலகித் திரும்பினான். ஊருக்குப் போகிற சாலையில் ஓட ஆரம்பித்தான். நொண்டி நொண்டித்தான் ஓடினான்.

சகாயமேரி ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.