கடலடியில் பிறந்த ‘நான்’

அந்தக் காலத்தில் மீன் பேசியது, நண்டு பேசியது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மனிதருடைய கையும் காலும் தனித்தனியாகப் பேசித் திரிந்ததுதான் பலருக்குத் தெரியாது. எதிரே வருகிறவரிடம் “என்ன சேதி?” என்று கேட்டால் போதும். “வயித்துக்குப் பசிக்குது” என்று வயிறு சொல்லும். “காலுக்கு வலிக்குது” என்று கால் முனகும். இரண்டையும் சேர்த்து “எனக்கு” என்று சொல்ல ஆளே இல்லை. அப்படி ஒரு சொல்லே அப்போது கிடையாது.

கடலோர ஊர் ஒன்றில் கொற்றி என்றொரு பெண் இருந்தாள். கடலில் மூழ்கிச் சங்கெடுப்பது அவள் தொழில். அவள் மண்டைக்குள் இருந்த மூளையை மற்ற உறுப்புகள் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. வாயைத் திறக்காமல், வேலையும் செய்யாமல், இருட்டறையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கிற சோம்பேறி என்று கை கிண்டல் செய்யும். கைக்கு அப்படியொரு வாய்க்கொழுப்பு. மூளை பதில் சொல்லாது. ஆனால் பாதம் மிதித்த மணலின் சூடு, வயிற்றின் இரைச்சல், நெஞ்சின் துடிப்பு என்று எல்லாச் சேதியும் கடைசியில் தன்னிடம்தான் வந்து சேர்கிறது என்பதை அது கவனித்து வைத்திருந்தது.

சங்கெடுக்கப் போன பலர் அந்த ஊருக்குத் திரும்பி வரவில்லை. கடலடியில் கால் மாட்டிக்கொண்டால், அது காலின் பாடு என்று கை தன்பாட்டுக்குச் சங்கு பொறுக்கிக்கொண்டிருக்கும். பிறகு எப்படிப் பிழைப்பது?

ஒருநாள் காலையில் கொற்றி கடலில் இறங்கினாள். தோணியில் நின்று அவள் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவள் நாத்தனார் செம்பி.

“கயிறு ரெண்டு தடவ ஆடுனா இந்தக் கை இழுத்துரும், மதினி” என்றாள் செம்பி.

கீழே தண்ணீர் ஒரே கலங்கல். கொற்றியின் வலது கால் இரண்டு கல்லுக்கு நடுவே நழுவி இறுகிக்கொண்டது.

“காலைக் கல்லு புடிச்சிருச்சு” என்று கால் அலறியது.

“அது கால் விவகாரம். கைக்கு ரெண்டு சங்கு கிடைச்சிருக்கு” என்றது கை.

“மூச்சு தீரப்போகுது” என்றது நெஞ்சு. அதன் துடிப்பு மூளைக்குள் திம்திம் என்று கேட்டது.

மூளைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கொற்றி செத்துப்போவாள். உறுப்புகள் ஒவ்வொன்றாக வாயடைத்துப் போகும். போனது யார் என்றுகூட எதற்கும் தெரியாது.

அப்போது மூன்றாவது சங்கைத் தேடித் துழாவிய கை, கலங்கலில் எதையோ தொட்டது.

“அஞ்சு விரல் இருக்கு. யாரோட காலோ செத்துக் கிடக்குது” என்றது கை.

“ஐயோ, ஏதோ காலைத் தடவுது” என்றது கால்.

இரண்டு சேதியும் நெஞ்சின் ஒரே துடிப்பில் மூளைக்கு வந்து சேர்ந்தன. கை அருவருத்து விலகியது. “போயிருச்சு” என்று கால் சொன்னதும் அதே நொடியில்தான். மூளை திடுக்கிட்டது. பிறந்தது முதல் பேசாத மூளை அன்று முதல் தடவையாகப் பேசியது.

“இன்னொரு தடவ தொடு.”

“யாரது பேசுறது?” என்று பதறிக்கொண்டே கை தொட்டது. கால் சிலிர்த்தது. மறுபடியும் ஒரே துடிப்பு.

“தொட்டது ஒருத்தர், தொடப்பட்டது வேற ஒருத்தர்னு இல்ல” என்றது மூளை. “ரெண்டும் நான்.”

“நான்னா யாரு?”

“வலிக்கிறது காலுக்கு இல்ல, எனக்கு. மூச்சு முட்டுறதும் எனக்குத்தான். அது என் கால், நீ என் கை. சங்கைப் போட்டுட்டுக் கல்லைத் தள்ளு.”

எடுத்த சங்கைக் கீழே போட்டதாகச் சரித்திரமே இல்லாத கை, அன்று போட்டது. இரண்டு கைகளும் கல்லைத் தள்ள, இடது கால் தரையில் ஊன்றி முட்டுக்கொடுத்தது. நெஞ்சு கடைசி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. தோல் உரிந்து வலது கால் வெளியே வந்ததும் கயிறு இரண்டு தடவை ஆடியது.

செம்பி கயிற்றை இழுத்தாள். கொற்றி ஒரு கையால் தோணியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அந்த ஊர் வழக்கப்படி செம்பி கேட்டாள்: “எது எது பிழைச்சு வந்திருக்கு மதினி? கையா, காலா?”

கொற்றிக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு வந்த பெருமை அவளுக்குத் தாங்கவில்லை. வந்தது யார் என்று காட்டிவிட வேண்டும். மூளையைக் காட்டலாம் என்றால், மண்டைக்குள் ஒளிந்திருப்பதை எப்படிக் காட்டுவது? கையையும் காலையும் சேர்த்துவைத்த துடிப்பு மட்டும் இன்னும் நெஞ்சில் திம்திம் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தலையை நிமிர்த்தினாள்.

“நான் வந்திருக்கேன் செம்பி. முழுசா வந்திருக்கேன்.”

செம்பி விழித்தாள். பிறகு கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தன் நெஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். அங்கேயும் துடித்தது.

“நானும் இருக்கேன் மதினி” என்றாள், மெதுவாக.

தன்னை யாரும் காட்டவில்லையே என்று மூளை வருத்தப்படவில்லை. இருட்டில் உட்கார்ந்தபடி அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டு அது பூரித்துப்போனது.

அன்று முதல்தான், பாதத்தில் முள் தைத்தாலும் “எனக்கு வலிக்கிறது” என்று சொல்கிறோம். “யார் அது?” என்று யாராவது கேட்டால், “நான்” என்று சொல்வதற்குள் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடுகிறது.